தொற்றுக் காலத்தில் மனநல உதவி எண் நடத்துவது எப்படி?

அத்தியாயம் 7

இன்னொரு தொற்று வந்து ஊர் அடைபட்டுவிட்டது. உளவியல் படித்த நீங்கள் உங்கள் வார்டுக்கோ வட்டத்துக்கோ ஓர் உதவி எண் தொடங்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் நான்கைந்து ஆலோசகர்கள், இரண்டு போன். அவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம். 2020 மார்ச் 25-ல் நாடு அடைபட்டபோது பலரும் அப்படித்தான் தொடங்கினார்கள். அப்போது எங்கே தடுக்கியது என்பது இன்று தெரியும். அதனால் அடுத்த முறை முதல் நாளிலிருந்தே ஒழுங்காகச் செய்ய முடியும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். உங்களைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் மனநோயாளிகள் அல்ல. அவர்களுடைய பயம் நியாயமான பயம். சுகர் மாத்திரை தீர்ந்திருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்த அப்பாவைப் பற்றி மூன்று நாளாகத் தகவல் இருக்காது. வாடகைக்கு வழி இருக்காது. அந்தச் சிக்கலில் கை வைக்காமல் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தால், மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார்கள். மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று வேலைகளைச் சொல்கிறது: பார், கேள், இணை. போனில் பார்க்க முடியாது; அதனால் கேட்பது இரண்டு மடங்காக வேண்டும். நம்மில் பலர் கோட்டைவிடுவது மூன்றாவதில், அதாவது ஆளை உரிய உதவியோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதில். கோட்பாடு இவ்வளவு போதும்.

முதல் அழைப்பு வருவதற்கு முன்

1. தனி சிம் வாங்குங்கள். ஆலோசகர்களின் சொந்த எண் வெளியே போகக் கூடாது. கட்டணமில்லா எண் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ரீசார்ஜ் செய்யக் காசில்லாதவர்கள் மிஸ்டு கால் கொடுப்பார்கள்; அரை மணிக்குள் திருப்பிக் கூப்பிடுவதை விதியாக்குங்கள்.

2. உங்களால் முடிந்த நேரத்தை மட்டும் அறிவியுங்கள். நான்கு பேரை வைத்துக்கொண்டு 24 மணி நேரச் சேவை என்று நோட்டீஸ் அடித்தால் ஒரு வாரத்தில் சறுக்கிவிடும். ஒருவருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் முறை வைக்காதீர்கள். நீங்கள் இல்லாத நேரத்துக்கு 14416 இருக்கிறது. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலி மானஸ் எண் அது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இரவிலும் தமிழில் பேசுவார்கள்.

3. ஆலோசகர் உட்காரும் இடத்தில், கண்ணுக்கு நேரே, இந்த எண்களை ஒட்டுங்கள்: ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, அவசரக் காவல் உதவி 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567. ஒட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள்.

4. உள்ளூர்ப் பட்டியல் ஒன்று தனியே போடுங்கள். இதுதான் உங்கள் உண்மையான முதல். சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர், விஏஓ, வார்டு உறுப்பினர், ரேஷன் கடைக்காரர், வீட்டுக்கு மருந்து கொண்டுவந்து கொடுக்கும் மெடிக்கல் ஷாப், சுயஉதவிக் குழுத் தலைவி. பெயரும் எண்ணும் போதாது. நேரில் ஒருமுறை பேசி, "இந்த எண்ணிலிருந்து கூப்பிட்டா எடுங்க" என்று சொல்லி வையுங்கள்.

5. மனநல மருத்துவர் ஒருவரைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை அரசு மருத்துவமனை வழியாகப் பிடிக்கலாம். உளவியலாளர் மருந்து எழுத முடியாது. ஏற்கெனவே சாப்பிடும் மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ சொல்லவும் கூடாது. ஊரடங்கில் மாத்திரை தீர்ந்து நின்றுபோனவர்கள் நிச்சயம் கூப்பிடுவார்கள். மனநல மாத்திரையும் வலிப்பு மாத்திரையும் திடீரென்று நிற்பது ஆபத்து. அந்த அழைப்பை அன்றைக்கே மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள்.

6. பதிவேடு ஒன்றே ஒன்று இருக்கட்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு ரகசியம் காக்கப்படுவதை உரிமையாகத் தந்திருக்கிறது. அழைத்தவரின் பெயரையோ கதையையோ வாட்ஸ்அப் குழுவில் போடுவது அந்த உரிமையை மீறுவது. "இந்த அக்காவுக்கு யாராவது பேசுங்களேன்" என்று நல்லெண்ணத்தில் போட்டாலும் அப்படித்தான்.

முதல் ஐந்து நிமிடம்

1. யார், எங்கிருந்து என்று சொல்லுங்கள். "வணக்கம்மா, மனநல உதவி எண்ணிலிருந்து பேசுறேன். நீங்க சொல்றது நமக்குள்ள இருக்கும். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வேற ஆளுகிட்ட சொல்ல வேண்டி வரும்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பிறகு 108-ஐக் கூப்பிட நேர்ந்தால், ஏமாற்றிவிட்டதாக அவர் நினைக்க இடமிருக்காது.

2. "இப்போ பேச வசதியா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

3. "லைன் கட்டானா இதே நம்பருக்குக் கூப்பிடலாமா? எந்த ஊரு, எந்தத் தெரு?" விலாசத்தைத் தொடக்கத்திலேயே வாங்குங்கள். நெருக்கடி வந்த பிறகு கேட்டால் பலர் சொல்ல மாட்டார்கள்.

4. இரண்டு நிமிடம் குறுக்கிடாமல் கேளுங்கள். போனில் மௌனம் வந்தால் லைன் போய்விட்டதோ என்று நினைப்பார்கள். அதனால் "ம்", "சொல்லுங்க" போதும்.

5. "இப்ப இந்த நிமிஷம் எது ரொம்ப உறுத்துது?" என்று கேளுங்கள்.

6. ஒரு வேலை உங்களுக்கு, ஒரு வேலை அவருக்கு என்று பிரித்துக்கொண்டு, திருப்பிக் கூப்பிடும் நேரத்தைச் சொல்லிவிட்டு வையுங்கள்.

நடைமுறையில் இது எப்படிப் போகும்? தெருவுக்குத் தகரம் அடித்திருக்கிறார்கள். தொற்று வந்த வீட்டுப் பெண் கூப்பிடுகிறார்.

"எங்களாலதான் தெருவையே அடைச்சுட்டாங்கன்னு எல்லாரும் திட்டுறாங்க மேடம். தூக்கமே இல்ல."

"மனசத் தளரவிடாதீங்க, நல்லதையே நினைங்க" என்று சொல்லத்தான் நாக்கு துறுதுறுக்கும். சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"அடைச்சு வெச்சா கஷ்டமாத்தான் இருக்கும்மா. யாரு திட்டினாங்க? வாசல்ல வந்தா, போன்லயா?"

"எதிர் வீட்டுக்காரம்மா. பால் போடுற பையன்கிட்ட எங்க வீட்டுக்குப் போடாதேன்னு சொல்லிட்டாங்க. புள்ளைக்கு ரெண்டு வயசு மேடம்."

சிக்கல் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது: பால்.

"பாலுக்கு நான் இப்பவே ஆள்கிட்ட பேசுறேன். நீங்க வாசல்ல ஒரு பாத்திரமும் ஸ்டூலும் மட்டும் வெச்சிடுங்க. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுறேன். பால் வந்தாலும் வராட்டியும் கூப்பிடுவேன்."

ஆறு மணிக்குக் கூப்பிட்டே ஆக வேண்டும். வேலை முடியவில்லை என்றால், முடியவில்லை என்று சொல்லக் கூப்பிட வேண்டும். அடைபட்டுக் கிடப்பவருக்குச் சொன்ன நேரத்தில் வரும் ஒரு போன், நாளைக்கு ஒரு பிடிமானம். என் கணக்கில் இந்த அத்தியாயத்தில் உள்ள எல்லா உத்திகளையும்விட இது பெரியது. வேறெதைக் கைவிட்டாலும் இதைக் கைவிடாதீர்கள்.

அந்தப் பெண்ணின் தூக்கமின்மையைப் பற்றி ஆறு மணி அழைப்பில் பேசலாம். பால் வந்த பிறகு அவரே பேசுவார்.

*குறிப்பு:* வாசலில் நோட்டீஸ் ஒட்டி அவமானப்படுத்துகிறார்கள் என்ற புகாரும் வரும். பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி உத்தரவிட்டால் தவிர, கொரோனா நோயாளிகளின் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சுகாதார ஆய்வாளரிடம் இதைச் சொல்லிப் பேச வேண்டியது உங்கள் வேலை. அந்தக் குடும்பத்தைப் போய்ச் சண்டைபோடச் சொல்லாதீர்கள்.

மூச்சு முட்டுகிறது என்றால்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். உளவியலாளர் இழைக்கக்கூடிய தவறுகளில் உயிரைப் பறிப்பது இது.

நுரையீரலைத் தாக்கும் தொற்றுக் காலத்தில், "நெஞ்சு அடைக்குது, மூச்சு முட்டுது, பயமா இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அது பதற்றமாக இருக்கலாம். ஆக்சிஜன் குறைவாகவும் இருக்கலாம். குரலை வைத்து முடிவு செய்ய முடியாது. கொரோனாவில் ஆக்சிஜன் நன்றாக இறங்கிய பிறகும் திணறலே தெரியாமல் சாதாரணமாகப் பேசியவர்கள் உண்டு. எனவே உடம்பைப் பற்றிய கேள்விகள் முடியாமல் மனதுக்குப் போகாதீர்கள்:

1. காய்ச்சல், இருமல் எத்தனை நாளாக? டெஸ்ட் எடுத்தார்களா?
2. பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறதா? விரலில் நகப்பூச்சோ மருதாணியோ இல்லாமல், கையைச் சூடாக்கி, ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 94-க்குக் கீழே இருந்தால் உடனே மருத்துவர். கருவி இல்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பார்க்கச் செய்யுங்கள்.
3. ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்கிறாரா? உதடு நீலமாக இருக்கிறதா? நெஞ்சு வலி உண்டா? ஒன்று இருந்தாலும் 108.
4. பெரியவர் ஒருவர் திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல், சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்று வீட்டார் சொன்னால் அதை மனப்பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தொற்று மூளையின் தெளிவைக் குலைக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரி.
5. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்களா? தூக்கமின்மையும் படபடப்பும் அதிலிருந்தும் வரலாம். தானாக நிறுத்தச் சொல்லாதீர்கள். மருந்து எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பார்த்து, ஆக்சிஜன் சரியாக இருக்கிறது, மருத்துவரும் பார்த்துவிட்டார் என்றால்தான் பதற்றத்துக்கு வர வேண்டும். அப்போதும் இருமல் உள்ளவருக்கு ஆழ்ந்த மூச்சு வேண்டாம். மூச்சையே கவனித்துக்கொண்டிருப்பது பயத்தைக் கூட்டும். பாதத்தைத் தரையில் அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு காதில் விழும் மூன்று சத்தம். காலண்டர், குக்கர், பக்கத்து வீட்டு டிவி என்று அவர் சொல்லிக்கொண்டு வரும்போதே குரல் இறங்குவது உங்களுக்குக் கேட்கும்.

செத்துப்போகலாம் என்று சொன்னால்

நேராகக் கேளுங்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடுமோ என்று புதியவர்கள் தயங்குவார்கள். அப்படி ஆகாது. யாரிடமும் சொல்ல முடியாமல் கிடந்ததைச் சொல்ல ஓர் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். "அப்படியெல்லாம் எதுவும் நினைக்கலதானே?" என்று மட்டும் கேட்காதீர்கள். இல்லை என்ற பதிலை நீங்களே ஊட்டிவிடுகிறீர்கள்.

1. எண்ணம் எப்போதிலிருந்து? வழி யோசித்தாரா? அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? இதற்கு முன் முயன்றதுண்டா? இந்த வரிசையில் கேளுங்கள்.
2. வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவரிடம் பேச அனுமதி கேளுங்கள். பூச்சிமருந்து, சேர்த்து வைத்த மாத்திரை எதுவானாலும் அந்த ஆள் எடுத்துப்போய்ப் பூட்டட்டும். வீட்டுக்கு வெளியே போனால் இன்னும் நல்லது.
3. உடனடி ஆபத்து என்றால் லைனை வைக்காதீர்கள். இரண்டாவது போன் இதற்குத்தான்: சக ஆலோசகர் அதில் 108-ஐக் கூப்பிட வேண்டும். சீட்டில் எழுதிக் காட்டுங்கள்.
4. ஏற்கெனவே எதையாவது விழுங்கியிருந்தால், ஆள் தெளிவாக இருந்தாலும் ஆஸ்பத்திரி. எலி பேஸ்ட் போன்ற விஷங்களில் ஓரிரு நாள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு கல்லீரல் கெடும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.
5. "போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்று குடும்பம் தயங்கும். உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்கிறது. இதை ஒரு வரியில் சொல்லி ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள்.
6. மறுநாள் காலை கூப்பிடுங்கள். அதற்கடுத்த நாளும், ஒரு வாரம் கழித்தும்.

பேச முடியாத இடத்திலிருந்து வரும் அழைப்பு

ஊரடங்கில் அடிக்கிற ஆளும் அடிபடுகிற ஆளும் ஒரே அறையில் இருப்பார்கள். குரல் தாழ்ந்து, பதில்கள் குட்டையாக வந்தால் கேள்வியை மாற்றுங்கள்: "நான் கேக்கறதுக்கு ஆமாம், இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. பக்கத்துல அவர் இருக்காரா? இப்ப அடிபட்டிருக்கா? புள்ளைங்க பத்திரமா இருக்காங்களா?" போனை வேறு யாராவது பிடுங்கினால் "ரேஷன் கார்டு விசாரணை" என்று சொல்வதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எண்ணை அழைப்புப் பட்டியலிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். நீங்களாகத் திருப்பிக் கூப்பிடக் கூடாத அழைப்பு இது ஒன்றுதான். எப்போது கூப்பிடுவது என்பதை அவர் சொல்லட்டும். "அனுசரிச்சுப் போங்கம்மா" என்ற பேச்சே உங்கள் வாயில் வரக் கூடாது. 181-க்கு அவர் சம்மதத்தோடு இணையுங்கள். குழந்தை மீது பாலியல் வன்முறை என்று தெரிந்தால், போக்சோ சட்டப்படி புகார் கொடுப்பது உங்கள் கடமை. அங்கே ரகசியம் செல்லாது.

குடி திடீரென்று நின்ற வீடு

2020 மார்ச் கடைசியில் டாஸ்மாக் மூடியபோது, தினமும் குடித்தவர்கள் ஒரே நாளில் குடியின்றி நின்றார்கள். குடும்பம் சந்தோஷப்பட்ட இரண்டாம் நாளில் கை நடுங்கத் தொடங்கியது. போதைக்காக வேறு எதையோ குடித்து இறந்தவர்களும் உண்டு. கடைசியாகக் குடித்தது எப்போது என்று மணிக்கணக்கில் கேளுங்கள். நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை முதல் நாளிலேயே வரும். வலிப்பு இரண்டு நாளுக்குள் வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாத ஆளைப் பார்ப்பதும், இடம் தெரியாமல் ஓடுவதும் நேரலாம்; அதை விட்டால் உயிர் போகும். இதைப் பேசித் தீர்க்க முடியாது. நடுக்கமும் வியர்வையும் தொடங்கிவிட்டாலோ, முன்பு வலிப்பு வந்திருந்தாலோ ஆஸ்பத்திரிதான். குடியை நிறுத்தும் உறுதிமொழியெல்லாம் உடம்பு தேறிய பிறகு.

முகம் பார்க்காமல் போன சாவு

பையில் சுற்றிய உடல், தூரத்தில் நிற்கும் நான்கு பேர், காரியம் செய்ய ஆள் வர முடியாத வீடு. இந்தத் துக்கத்தில் குற்ற உணர்ச்சி அதிகம். "ஆஸ்பத்திரிக்கு அனுப்பாம இருந்திருந்தா" என்றே தொடங்குவார்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸை அடக்கம் செய்யப் போன இடத்தில் கூட்டம் கல்லெறிந்து தடுத்தது. அவர் குடும்பம் விரும்பிய கல்லறைக்கு உடலை மாற்ற உயர் நீதிமன்றம் அனுமதி தந்தது 2021 மார்ச்சில். ஒழுங்காக வழியனுப்புவது உயிரோடிருப்பவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். கொட்டித் தீர்த்தால் சரியாகிவிடும் என்று எல்லோரையும் ஒரே அமர்வில் பேசவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. சொல்ல விரும்பியதைச் சொல்லட்டும். பிறகு, "செய்யாம விட்டுப்போனது எது?" என்று கேளுங்கள். பதினாறாம் நாளோ, நாற்பதாம் நாள் பாத்திஹாவோ, கல்லறை ஜெபமோ, எது விட்டதோ அதை அவர்கள் பெரியவர்களிடம் கேட்டு வேறொரு நாளில் செய்ய வழியுண்டா என்று யோசிக்கத் துணையாக இருங்கள். வெளியூர் உறவினரை வீடியோ காலில் சேர்க்கலாம். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். "விதி", "அவருக்கு நேரம் வந்துடுச்சு" போன்றவற்றை அவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், நீங்கள் சொல்லக் கூடாது.

தாங்களாகக் கூப்பிடாதவர்கள்

செவிலியர், 108 ஓட்டுநர், தூய்மைப் பணியாளர், மயானப் பணியாளர் ஆகியோர் உங்கள் எண்ணைச் சுவரில் பார்ப்பார்கள், கூப்பிட மாட்டார்கள். அவர்கள் முறை மாறும் நேரத்தில் நீங்கள் கூப்பிடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். சாப்பாடு, கையுறை, தங்க இடம், வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் விடுகிறாரா என்ற கேள்விகளே போதும். அவர்களைத் தெய்வம் என்று புகழ வேண்டாம். கையுறை வரவில்லை என்று அவர்கள் சொன்னால் அதை அதிகாரியிடம் அன்றே கொண்டுபோங்கள்.

குழுவும், எண்ணை மூடும் நாளும்

ஒவ்வொரு முறை முடிந்ததும் இருவர் பதினைந்து நிமிடம் பேசிக்கொள்ளுங்கள்: எது கனமாக இருந்தது, எது நாளைக்கு மிச்சம். சாவு சம்பந்தமான அழைப்பை எடுத்தவருக்கு அடுத்ததும் அதே வகை போகாமல் மாற்றிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. அன்று குழுவின் வாட்ஸ்அப்கூட வேண்டாம். தூக்கம் கெட்டு, அழைப்பு வந்தாலே எரிச்சல் வரும் ஆலோசகரைச் சில நாள் பதிவேட்டு வேலைக்கு மாற்றுங்கள்.

அலை ஓய்ந்ததும் எண்ணைச் சட்டென்று அணைத்துவிடாதீர்கள். துக்கமும் கடனும் வேலையிழப்பும் அதற்குப் பிறகுதான் தெரியவரும்.

1. மூடும் தேதியை ஒரு மாதத்துக்கு முன் அறிவியுங்கள்.
2. பதிவேட்டில் இன்னும் முடியாத பெயர்களுக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மாவட்ட மனநலத் திட்டத்தின் புறநோயாளி நாளையும் 14416-ஐயும் சொல்லுங்கள்.
3. தற்கொலை எண்ணம் சொன்னவர்களை வெறும் எண் கொடுத்து விடாதீர்கள். அடுத்து பார்க்கப்போகிறவரோடு ஒரே அழைப்பில் மூவருமாகப் பேசி ஒப்படையுங்கள்.
4. சிம்மை உடனே சரண்டர் செய்யாமல், 14416-ஐச் சொல்லும் பதிவுக் குரலோடு மூன்று மாதம் ஓட விடுங்கள்.
5. பதிவேட்டைப் பொறுப்பாளர் ஒருவர் பெயரில் பூட்டி வையுங்கள். போன்களில் சேமித்த பெயர்களையும் அழைப்புப் பட்டியலையும் அழித்த பிறகே அவற்றைத் திருப்பிக் கொடுங்கள்.